புகை படிந்த சிவப்பு நாற்காலி

எனக்கு ரகசியம் தங்காது. நேசம்மாளிடம் சொல்வதும் கோயிலில் அறிக்கை வாசிப்பதும் ஒன்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கென்ன? மனதில் பட்டதை அந்த நிமிஷமே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு விஷயத்தை மட்டும் வாயை மூடிக் காத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பெற்ற மகனிடமிருந்து. ஜாஸ்பருக்கு அது இன்றைக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் அவன் தாங்கமாட்டான்.

விஷயம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சிரிக்காதீர்கள்.

எங்களுக்குத் தடிக்காரன்கோணத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ரப்பர் மரம் நிற்கிற கொஞ்சம் விளை இருக்கிறது. என் மகள் ஜெஸ்பினுக்கு, சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனை நடந்த வருஷம், விருந்துக்கு வருகிறவர்கள் உட்கார இடமில்லை என்று பிள்ளைகளின் அப்பா வடசேரிக்குப் போய் நாலு சிவப்பு நாற்காலி வாங்கினார். நாலையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, பஸ்ஸின் மேலே கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். விருந்து முடிந்ததும் மூன்றை முற்றத்தில் போட்டோம். ஒன்றை அவர் புகைப்புரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புகைப்புரை என்றால் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற சின்ன ஓட்டுக் கட்டடம். ஜன்னல் கிடையாது. கீழே அடுப்பு, மேலே மூங்கில் கம்புகளில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாக ஷீட் தொங்கும். அந்த அடுப்பு அணையவும் கூடாது, கொழுந்துவிட்டு எரியவும் கூடாது. கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அவர் வாசலில், மேற்கு வெயில் நேராக விழுகிற இடத்தில் அந்த நாற்காலியைப் போட்டு, ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைப் பேப்பரிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதுகில் வெயில், முகத்தில் புகை. நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தால் டம்ளரை வாங்கி நாற்காலியின் கைமேல் வைப்பார். வைத்து வைத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

முற்றத்து நாற்காலிகள் மூன்றும் நாலைந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. வெயிலில் வெளுத்து, கீறி, ஒவ்வொன்றாகப் பொடிந்தன. மூன்றாவது நாற்காலி பக்கத்து வீட்டுப் பூங்கனி உட்கார்ந்தபோது பிளந்தது. அவள் கூச்சல் கீரிப்பாறை வரைக்கும் கேட்டிருக்கும். புகைப்புரை நாற்காலிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. சிவப்பெல்லாம் கறுப்பாகி, தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டும். ஆனாலும் கல் மாதிரி உறுதி.

அதன் வாசனையும் அவருடைய வாசனையும் ஒன்று. அவர் சட்டை, துண்டு, தலைமயிர், பைபிளின் அட்டைகூட அந்தப் புகை வாசனைதான். கல்யாணம் முடிந்த வாரம் என்னை வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சட்டை, தலையில் மணக்க மணக்க எண்ணெய். கோட்டைச் சுவரில் ஏறி நிற்கிறோம், ஆளைத் தள்ளுகிற கடல்காற்று. அந்தக் காற்றிலும் அவர் பக்கத்தில் புகை வாசனை அடித்தது. எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்காதே.

"ஓய், உமக்க மேல இது என்ன ஒரு நாத்தம்?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி நேசம், இது நாத்தம் இல்ல. நம்ம சோறாக்கும்."

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் அந்த மனுஷனிடம் தினமும் அதையே சொன்னேன். "குளிச்சிட்டு வாரும். குளிக்காம இஞ்ச வராதையும்." ஒரு நாளாவது சும்மா விட்டிருக்கலாம்.

ஜெஸ்பின் படித்துப் படித்து வேதியியல் டீச்சராகி நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அதோடு நிற்கவில்லை, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி என்று ஆரம்பித்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், வெயிலில் பிளாஸ்டிக் எப்படி மக்குகிறது என்பதாம். "இதுக்கு ஆராய்ச்சி வேணுமாடி? பூங்கனிட்ட கேட்டா போதுமே" என்றேன். அவள் மொட்டைமாடியில் கொடி கட்டி, பிளாஸ்டிக் தாள்களை ரிப்பன் மாதிரி வெட்டித் தொங்கவிட்டாள். ஒன்றை மண்ணெண்ணெயில் முக்கினாள், ஒன்றை டீசலில். ஒன்றை அந்துருண்டை கரைத்த சாராயத்தில் முக்கினாள். ஒன்றைக் கொண்டுபோய் அப்பாவின் புகைப்புரையில் தொங்கவிட்டு எடுத்து வந்தாள். சிலதை வெறுமனே விட்டாள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயிலிருந்து காற்று இறங்கினால் அத்தனை ரிப்பனும் படபடவென்று அடித்துக்கொள்ளும். என் துணி காயப்போட இடமில்லை. அது வேறு தினம் ஒரு சண்டை.

ஒருநாள் அவள் அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, உங்க சேர்ல இருந்து ஒரு துண்டு வெட்டிக்கட்டா?"

"எதுக்கு மக்கா?"

"ஆராய்ச்சிக்காக்கும். கூட வாங்கின மூணு சேரும் பொடிஞ்சு போச்சுல்லா? இதுலயும் வெயில் அடிக்கத்தான் செய்யுது. இது மட்டும் ஏன் போகல்லண்ணு பாக்கணும்."

"நான் இருக்க சேர வெட்டினா நான் எங்கட்டி இருக்க? நான் செத்த பொறவு வெட்டிக்க."

"இவரு ஒரு ஆளு" என்று நான் அதட்டினேன். மூன்று பேரும் சிரித்தோம்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் அவர் போய்விட்டார். அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்தது. ஜாஸ்பர் அப்போதுதான் வளைகுடாவில் புதுக் கம்பெனிக்கு மாறியிருந்தான். விசா வேலை நடந்துகொண்டிருந்தது, பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். கெஞ்சிப் பார்த்திருக்கிறான், நடக்கவில்லை. மூத்த பிள்ளை, ஒரே மகன்; அப்பாவைக் குளிப்பாட்டவும் இல்லை, பெட்டி தூக்கவும் இல்லை. ஜெஸ்பின் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் அங்கே இருந்து பார்த்தான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குகிற நேரம் பார்த்து அந்தச் சனியன் பிடித்த நெட் போய்விட்டது.

அன்றைக்கு அவன் அழவில்லை. பிறகும் அழவில்லை. போனில் கூப்பிட்டால், "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸ் இருக்கா" என்று என்னைத்தான் விசாரிப்பான். அப்பா என்ற சொல்லே வராது. வாய்விட்டு அழுகிற பிள்ளையைத் தேற்றலாம். அழாத பிள்ளையை என்ன செய்ய? எனக்கு அதை நினைத்தால் பயமாக இருந்தது.

நான் புகைப்புரையைப் பூட்டினேன். ஷீட் போட ஆளில்லை, ரப்பர் பாலை அப்படியே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் சாவி என் முந்தானையில்தான். வெட்கம் என்ன, சொல்கிறேன்: சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் நான் கதவைத் திறந்து உள்ளே போவேன். அந்த நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்து, அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொள்வேன். அவர் அங்கே இருந்தார். குளிச்சிட்டு வாரும் என்று விரட்டின அதே வாசனைக்கு நான் கிடந்து தவித்தேன்.

முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு ஜாஸ்பர் வந்தான். கையோடு பணம் கொண்டுவந்து, மயிலாடியில் கல்லறைக் கல்லுக்குச் சொல்லியிருந்தான். ஜெபத்துக்கு முந்தின நாள் நானும் ஜெஸ்பினும் கல்லில் பெயர் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்க மயிலாடி போனோம். அவன், "எனக்கு வீட்டுல ஒரு வேல இருக்கு" என்று நின்றுவிட்டான். புகைப்புரை சாவி கேட்டான். அப்பா இருந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் முற்றத்தின் நடுவே ஒரு சிவப்பு நாற்காலி. பளபளவென்று, கடையில் இருந்து இறக்கின மாதிரி. பக்கத்தில் கறுத்த துணிக்குவியல், ஒரு காலிக் குப்பி. ஜாஸ்பர் முழங்கை வரைக்கும் கரி.

"பாத்தியாம்மா? நம்ம அப்பாக்க சேர் தான். சோப்புக்குப் போகல்ல. பூங்கனியக்கா வீட்டுல ஒரு குப்பி மண்ணெண்ணெய் இருந்து. அதப் போட்டுத் தேச்சேன், எல்லாம் எளகி வந்துட்டு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! ஏலே எரணங்கெட்டவனே, உனக்க அப்பாவ தேச்சுக் களைஞ்சியாலே என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். ஜெஸ்பினும் ஓரெட்டு முன்னால் வந்தாள். அதற்குள் அவன் சொன்னான்:

"அப்பாவ குளிப்பாட்ட எனக்குக் குடுத்து வைக்கல்ல. இதயாவது குளிப்பாட்டலாமேண்ணு தோணிச்சு."

திறந்த வாய் அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கொள்ளாம் மக்கா" என்றேன். "நல்லாட்டு இருக்கு."

ஜெபத்தன்று அந்த நாற்காலியை முன்னால் போட்டு, அதில் அவர் படத்தை வைத்தோம். போதகர்கூட, "செல்வதாஸ் அண்ணன் உக்காந்திருக்கது மாதிரியே இருக்கு" என்றார். ஜாஸ்பரின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். எல்லாரும் போன பிறகு நான் முகத்தை நாற்காலியின் முதுகில் வைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை மட்டும்தான் அடித்தது.

அவன் ஊருக்குப் புறப்படும்போது எனக்கு இரண்டு கட்டளை போட்டான்.

"அம்மா, இத திருப்பி அந்த இருட்டுல கொண்டு போடாத. அப்பா புகையில கிடந்தது போதும். முற்றத்துல, வெளிச்சத்துல கிடக்கட்டும். பொறவு, வாரம் ஒருக்கா மண்ணெண்ணெய் தொட்டுத் துடச்சிரு. மங்காம இருக்கும்."

சரி என்றேன். செய்யவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தால் முதல் வேலை அதுதான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, வீடியோவில் கூப்பிடுவான். "அப்பாக்க சேர காட்டு" என்பான். காட்டுவேன். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். அப்பா என்ற சொல் அவன் வாயில் திரும்ப வந்தது அந்த நாற்காலியால்தான்.

பங்குனி வெயில் ஏறினபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்த துணியில் என்னவோ ஒட்டியிருந்தது. வெளுத்த ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி. நாற்காலியைத் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. முதுகுப் பட்டையில் மயிரிழை மாதிரி கீறல்கள். பதினைந்து வருஷம் ஒன்றும் ஆகாத நாற்காலி! நான் போட்ட சத்தத்தில் ஜெஸ்பின் மாடியில் இருந்து ஓடி வந்தாள். அவள்தான் ஏதோ மருந்து தடவிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம்.

"ஏட்டி, என்ன செஞ்ச இத? உனக்க ஆராய்ச்சிய இதுல காட்டினியா?"

அவள் குனிந்து கீறலை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். "மேல வா" என்று என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொடியில் ரிப்பன்கள் தொங்கின. தூரத்தில் ஆரல்வாய்மொழி காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு ரிப்பனைப் பிடித்து லேசாக வளைத்தாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இது மண்ணெண்ணெய்ல முக்கினது" என்றாள். இன்னொன்றைப் பிடித்து இழுத்தாள். பழுப்பு நிறம், ஆனால் நீண்டு கொடுத்தது, அறவில்லை. "இது அப்பாக்க புகைப்புரையில தொங்கினது. ரெண்டையும் ஒரே நாளாக்கும் வெயில்ல போட்டேன்."

"எனக்கு மனசிலாகுத மாதிரி சொல்லு."

"அம்மா, புகையிலயும் மண்ணெண்ணெயிலயும் இருக்க சில சரக்கு ஒரே குடும்பம். ஒரே வயித்துல பொறந்ததுண்ணு வச்சுக்க. ஆனா கொணம் வேற. ஒண்ணு வெயில வாங்கி, பக்கத்துல இருக்க பிளாஸ்டிக்க வெட்டுகதுக்குக் குடுக்கும். இன்னொண்ணு, வெயில் உள்ள போகாம வாசல்ல நிண்ணு தான் வாங்கிக்கிடும். வெட்டு விழுந்தாலும் பரவ விடாது. அப்பாக்க சேர்ல புகை அப்பிடித்தான் நிண்ணுது, இத்தன வருஷமும்."

"அப்பம் புகை நல்லது, மண்ணெண்ணெய் கெட்டதா?"

"அப்பிடி ஒரேயடியா சொல்லப்பிடாது. புகையிலயும் வெட்டுக சரக்கு உண்டு. எவ்வளவு ஏறிச்சு, எந்த பிளாஸ்டிக்கு, எவ்வளவு வெயில்..."

இவளிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்க முடியாது. அப்பாவைக் கொண்டு பிறந்தவள், அவரும் இப்படித்தான். மழை வருமா என்று கேட்டால் வடக்கே பார்த்து, தெற்கே பார்த்து, "வந்தாலும் வரும்" என்பார்.

"இத மட்டும் சொல்லு. சேர் போகுதது எதுனால?"

அவள் கீழே முற்றத்து நாற்காலியைப் பார்த்தாள். "அண்ணன் புகைய எல்லாம் தேச்சு எடுத்துட்டான். மண்ணெண்ணெய் உள்ள இறங்கி, கம்பெனிக்காரன் காப்புக்குப் போட்டிருந்த மருந்தையும் கொஞ்சம் இழுத்துட்டு வந்துட்டு. பொறவு வெட்டவெளி வெயில். அதுக்கும் மேல வாரா வாரம் நீ வேற துடச்ச. இவ்வளவு சீக்கிரம் போகும்ண்ணு நானும் நினைக்கல்ல."

நாற்காலி போகிறது என்ற துக்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறானே என் பிள்ளை, செய்தது இதுதான் என்று தெரிந்தால்?

"அண்ணன்ட்ட சொல்லிராத."

"அம்மா, அவனுக்குத் தெரியாம எத்தன நாள்..."

"சொல்லிராதண்ணு சொன்னேன்!"

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் நான் நாடகம் ஆடத் தொடங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஒரு வாரம் நாற்காலியைத் தூரத்தில், மாமர நிழலில் வைத்துக் காட்டினேன். ஒரு வாரம் மேலே பெட்ஷீட் மூடி, "காக்கா எச்சம் போடுது மக்கா, அதனாலயாக்கும்" என்றேன். ஒரு வாரம் போன் கேமரா மங்கிப் போய்விட்டது என்றேன். அவன் புதுப் போன் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவளுக்கு இது என்ன சோதனை, ஆண்டவரே! ஜெஸ்பின் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். போன் வைத்த பிறகு இரண்டு பேருமே சிரிக்கமாட்டோம்.

ஒருநாள் கேட்டேன்:

"ஏட்டி, திரும்ப அத புகையில போட்டா?"

"விழுந்த கீறல் திரும்ப ஒட்டாதும்மா."

"ஒட்டவேண்டாம். இனி விழாம இருக்குமா?"

"கொஞ்ச காலத்துக்கு இருக்கும். யாரும் அதுல இருக்கப்பிடாது."

"கொஞ்ச காலம் போதும். அவன் அடுத்த லீவுக்கு வந்து, முழுசாட்டுப் பாத்துட்டுப் போவட்டும்."

அப்படித்தான் பூட்டின புகைப்புரையைத் திறந்தோம். வெறும் நாற்காலிக்காகப் புகை போட்டால் ஊர் சிரிக்கும் என்று, பாலை வியாபாரிக்குக் கொடுப்பதை நிறுத்தி மறுபடி ஷீட் அடிக்க ஆள் வைத்தேன். அடுப்பு என் பொறுப்பு. முதல் வாரம் கொழுந்துவிட்டு எரிந்தது, அடுத்த வாரம் அணைந்து அணைந்து போனது. அவர் எத்தனை லேசாகச் செய்த வேலை! பக்கத்தில் உட்கார்ந்தபடி அவரை வாய்விட்டுத் திட்டுவேன். "நல்லா போய்ப் படுத்துக்கிட்டீரு. இஞ்ச வந்து ஒருக்கா ஊதிட்டுப் போனா என்ன?" என்பேன். பைய பைய அடுப்பு என் சொல் கேட்கத் தொடங்கியது. நாற்காலியும் பழுத்து, கறுத்து வந்தது. வெள்ளிக்கிழமை அவன் கேட்டால் பழைய சாக்குகளையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு சாயங்காலம் நான் அடுக்களைக்குள் வந்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெஸ்பின் திடீரென்று துருவுவதை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்பா வந்த மாதிரி இருந்துச்சும்மா" என்றாள். "உனக்க மேல அந்த வாசம்."

அன்றைக்கு நான் குளிக்கவில்லை.

ஜாஸ்பர் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லவே இல்லை. நட்சத்திரம் கட்டிக்கொண்டிருக்கிறோம், முற்றத்தில் டாக்சி வந்து நிற்கிறது. பெட்டியை வாசலில் போட்டான். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"அப்பாக்க சேர் எங்க?"

நான் சொல்வதற்குள் அவன் கண் புகைப்புரைப் பக்கம் போயிற்று. ஓட்டின் இடுக்கு வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. அவன் நடக்க, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். உள்ளே வரிசையாக ஷீட் தொங்க, அடுப்புப் பக்கத்தில் நாற்காலி கிடந்தது, அட்டைக் கறுப்பாக.

"அம்மா! என்ன வேல செஞ்சு வச்சிருக்க? நான் எவ்வளவு பாடுபட்டுத் தேச்சேன். திரும்பக் கரி பிடிக்க வச்சிட்டியே!"

"அந்த மனுசன் கரிக்குள்ளதான்லே இருந்தாரு" என்றேன். "வெளுத்த சேர்ல அவருக்கு இருக்கத் தெரியாது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோபம் இறங்கிவிட்டது. நாற்காலியின் கையை, சாயா டம்ளர் வட்டம் இருந்த இடத்தை, விரலால் தடவினான். அப்புறம் சட்டென்று திரும்பி, அப்பா உட்காருகிற மாதிரியே வாசலைப் பார்த்து...

"ஏலே, இருக்காத!"

பிந்திவிட்டது. படக்கென்று ஒரு சத்தம். பின்கால் இரண்டும் விரிந்தன, முதுகுப் பட்டை நடுவில் இரண்டாக ஒடிந்தது. என் பிள்ளை தரையில் மல்லாந்து, சாம்பலுக்கும் சிவப்புத் துண்டுகளுக்கும் நடுவில் கிடந்தான். எழுந்து உட்கார்ந்தான். கையை ஊன்றின இடமெல்லாம் கரி.

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். ஒடிந்த ஓரத்தில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

"இது என்ன, இப்பிடிப் பொடியுது? முன்ன எவ்வளவு உறுதியாட்டு இருந்தது..." அவன் குரல் இறங்கியது. "அம்மா, நான் அண்ணைக்கு மண்ணெண்ணெய் போட்டதுனாலயா?"

ஜெஸ்பின் வாயைத் திறந்தாள். அவளுக்கு ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் அப்பன் ஆத்தாள் கிடையாது, உள்ளதை உள்ளபடி சொல்கிறவள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"மண்ணெண்ணெயும் இல்ல, வெளக்கெண்ணெயும் இல்ல" என்றேன். "அங்க குப்பூஸ் ரொட்டி தின்னு தின்னு ஆனக்குட்டி கணக்கா வந்திருக்க. உனக்க அப்பா ஓலக்கீத்து மாதிரி இருப்பாரு. அவருக்க சேர் ஒன்னத் தாங்குமா?"

அவன் தங்கச்சியைப் பார்த்தான். "அப்பிடியா ஜெஸ்பின்?"

அவள் உடைந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"ஆமாண்ணா" என்றாள். "வெயிட்டுதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து! சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். கை மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றது. இன்னொரு தடவை மோந்து பார்த்தான். கையில் இருந்த நாற்காலித் துண்டை எடுத்து முகத்தோடு வைத்தான்.

"அம்மா" என்றான். "அப்பா."

அவ்வளவுதான். பெட்டி இறக்கும்போது அழாதவன், கல்லறைக் கல்லைப் பார்த்து அழாதவன், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். "நான் வரல்லியேப்பா... நான் வரல்லியே..." என்று அந்தத் துண்டிடம் சொல்லிச் சொல்லி அழுதான். அன்றைக்கே அழ வேண்டிய அழுகை, இரண்டு வருஷம் உள்ளே கிடந்திருக்கிறது.

ஜெஸ்பின் அவன் பக்கத்தில் குந்தினாள். சிதறிக் கிடந்ததை ஷாலில் பொறுக்கினாள். நான் செத்த பொறவு வெட்டிக்க என்று அப்பா சொன்னது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். புகை நன்றாகப் படிந்த பெரிய துண்டு அண்ணன் கையில்தான் இருந்தது. அதற்குக் கையை நீட்டினாள். அவன் அதை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. குனிந்து, அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினேன்.